‘பக்கம் 214 காண்க’ என்பதைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டாம்

வேலூரில் ஆய்வேடுகளையும் ஊர் வரலாற்று நூல்களையும் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்து, பைண்டிங்குக்கோ அச்சகத்துக்கோ போகும்வரை உடன் இருப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழிலோ வரலாற்றிலோ முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவர்கள். சேர்க்காட்டிலுள்ள பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவர்களும் உண்டு. குடியாத்தம், ஆரணி, திருப்பத்தூர்ப் பக்கமிருந்து பேருந்தேறி வருகிறவர்களும் உண்டு. முந்நூறு, நானூறு பக்கம் ஓடும் ஓர் ஆவணத்தில் படிப்பவரின் நம்பிக்கையை மிக விரைவாகக் கெடுப்பது எது என்று கேட்டால், எழுத்துப்பிழை என்று சொல்ல மாட்டேன். ‘இது குறித்து இயல் 4, பக்கம் 214 காண்க’ என்று எழுதியிருக்க, 214-ஆம் பக்கத்தைத் திருப்பினால் அங்கே வேறு ஏதோ ஒன்று பேசப்பட்டுக்கொண்டிருப்பதைத்தான் சொல்வேன். எழுத்துப்பிழையைப் படிப்பவர் மனத்துக்குள் திருத்திக்கொண்டு போய்விடுவார். தவறான பக்க எண்ணை அவரால் திருத்த முடியாது. தேடிக் களைத்தபின் அவர் அடுத்த மேற்கோளையும் ஐயத்தோடுதான் பார்ப்பார்.

இந்தத் தவறு கவனக்குறைவால் வருவதில்லை. எழுதிய நாளில் அந்த எண் சரியாகத்தான் இருந்திருக்கும். அதன்பிறகு நெறியாளர் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லியிருப்பார், ஒரு வரைபடம் உள்ளே வந்திருக்கும், பக்க ஓரத்தில் கால் அங்குலம் கூட்டியிருப்பார்கள். எண் நகர்ந்துவிடும், கையால் எழுதிய ‘214’ மட்டும் எழுதிய இடத்திலேயே நின்றுவிடும். ஆகவே எவ்வளவு கூர்ந்து மெய்ப்புப் பார்த்தாலும் இதற்குத் தீர்வு கிடையாது. எண்ணைக் கையால் எழுதாமல் இருப்பது ஒன்றே தீர்வு. எம்.எஸ். வேர்டில் இதற்காகக் ‘கிராஸ் ரெஃபரன்ஸ்’, அதாவது குறுக்குக் குறிப்பு, என்ற வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் தட்டச்சுப் பயிற்சி நிலையங்களில் இதைச் சொல்லித் தருவது அரிது என்பதால், கணினியில் நாள் முழுவதும் வேலை செய்கிறவர்கள்கூட ‘ரெஃபரன்சஸ்’ பட்டையைப் பொருளடக்கம் போடுவதற்கு மட்டும் திறந்து மூடிவிடுகிறார்கள்.

இதன் முழுப் பயனையும் எனக்குக் காட்டியது பழைய வட ஆர்க்காட்டு ஏரிகளைப் பற்றிய ஒரு தொகுப்பு நூல். வட ஆர்க்காடு மாவட்டம் 1989 செப்டம்பர் 30 அன்று இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒன்று வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றும் மற்றொன்று திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றும் பெயர் பெற்றன. முதலாவது பின்னர் வேலூர் மாவட்டம் ஆயிற்று. தொகுப்பாசிரியர் அதன்படியே நூலை வேலூர்ப் பகுதி, திருவண்ணாமலைப் பகுதி என்று இரண்டாக வகுத்திருந்தார். வேலை பாதிக்குமேல் முடிந்திருந்த நிலையில், 2019 ஆகஸ்ட் 15 அன்று வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. காவேரிப்பாக்கம் ஏரி இராணிப்பேட்டைக்குப் போயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. மோர்தானா அணை இருக்கும் குடியாத்தம் வேலூரிலேயே தங்கியது. மறுநாளே அவர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, மாவட்டத்தையே மூணாப் பிரிக்கப் போறாங்களாம். நம்ம புத்தகத்தையும் அப்படியே பிரிச்சாத்தான் நாளைக்குப் படிக்கிறவனுக்குப் புரியும். ஆனா ‘அங்க காண்க, இங்க காண்க’ன்னு அத்தனை இடத்துல எழுதியிருக்கோமே, அதெல்லாம் என்ன ஆகும்?” என்று கேட்டார். “ஐயா, நீங்க வரிசையை மட்டும் எழுதிக் குடுங்க, எண்ணெல்லாம் தானா மாறிக்கும்” என்றேன். அவர் நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

அந்த நூலில் தலைப்புகள் அனைத்தும் ‘ஹெட்டிங் 1’, ‘ஹெட்டிங் 2’ என்ற ஸ்டைல்களில், அதாவது வேர்டு பெயரிட்டு வைத்திருக்கும் வடிவமைப்புகளில், இருந்தன. எண்கள் பலநிலைப் பட்டியல் வழியாகத் தானே வந்தன. குறுக்குக் குறிப்புகள் எல்லாம் ஃபீல்டுகளாக, அதாவது வேர்டே நிரப்பிப் புதுப்பிக்கும் இடங்களாக, இருந்தன. அதனால் ‘வியூ’ பட்டையில் ‘நேவிகேஷன் பேன்’ என்பதைத் திறந்து, இடப்புறம் வரும் தலைப்புப் பட்டியலில் காவேரிப்பாக்கம் என்ற தலைப்பைச் சுட்டியால் பிடித்து இழுத்து, புதிதாகச் சேர்த்த இராணிப்பேட்டைப் பகுதிக்குக் கீழே விட்டேன். தலைப்போடு அதன் துணைத்தலைப்புகளும் பத்திகளும் அட்டவணைகளும் அடிக்குறிப்புகளும் சேர்ந்தே நகர்ந்தன. எல்லா இயல்களையும் இப்படி இடம் மாற்றிய பிறகு, கன்ட்ரோலும் ‘ஏ’யும் சேர்த்து அழுத்தி முழுவதையும் தேர்ந்து, ஃபீல்டுகளைப் புதுப்பிக்கும் எஃப்9 விசையை அழுத்தினேன். பாலாற்று அணைக்கட்டைப் பற்றிய இயலில் ‘காவேரிப்பாக்கம் ஏரிக்கு நீர் வரும் கால்வாய் குறித்து 1.2.3 காண்க’ என்று இருந்தது, புதிய எண்ணை எடுத்துக்கொண்டது. தொகுப்பாசிரியர் வந்து, தாமே சில இடங்களைப் பொறுக்கி எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அதன்பிறகு அவர் இன்னும் இரண்டு இயல்களின் இடத்தை மாற்றலாமா என்று துணிவோடு கேட்டார். இந்த முறையின் உண்மையான நன்மை அதுதான் என்று நினைக்கிறேன். எண்கள் குலைந்துவிடும் என்ற அச்சத்தால் ஓர் ஆசிரியர் தமக்குச் சரியென்று படும் வரிசையை விட்டுக்கொடுக்கும்படி ஆகக் கூடாது.

குறுக்குக் குறிப்பு சுட்டும் இடம் இரண்டு வகைப்படும். தலைப்பு, எண்ணிட்ட பத்தி, படம், அட்டவணை, அடிக்குறிப்பு ஆகியவற்றை வேர்டு தானாகவே அறியும். ‘ரெஃபரன்சஸ்’ பட்டையில் ‘கிராஸ் ரெஃபரன்ஸ்’ என்பதை அழுத்தினால் அவை பட்டியலாக வரும். வேண்டியதைத் தேர்ந்து, தலைப்பு எண் வேண்டுமா பக்க எண் வேண்டுமா என்று சொல்லிவிட்டால் போதும். இவற்றுக்கு நாம் புக்மார்க், அதாவது ஓர் இடத்துக்குப் பெயரிட்டு வைக்கும் அடையாளம், போடத் தேவையில்லை. வேர்டே மறைவாக ஒரு புக்மார்க்கைப் போட்டுக்கொள்ளும். அதன் பெயர் அடிக்கோட்டில் தொடங்கும், பட்டியலிலும் வழக்கமாகத் தெரியாது. ஆனால் ஆய்வேட்டில் நாம் சுட்ட வேண்டிய இடம் எப்போதும் தலைப்பாக இருப்பதில்லை. ஒரு நீண்ட பத்தியின் நடுவில் வரும் கல்வெட்டுத் தொடர், பின்னிணைப்பில் உள்ள நேர்காணலின் ஒரு விடை, இரண்டு பக்கத்துக்கு நீளும் ஒரு விவாதம் ஆகியவற்றுக்கு நாமே புக்மார்க் போட வேண்டும். அந்த இடத்தைத் தேர்ந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்5 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் பெட்டி திறக்கும். ‘இன்செர்ட்’ பட்டை வழியாகவும் போகலாம்.

பெயர் வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெயர் எழுத்தில் தொடங்க வேண்டும். நடுவில் இடைவெளி கூடாது, எண்ணும் அடிக்கோடும் வரலாம். 40 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. நான் எப்போதும் ஆங்கில எழுத்துகளிலேயே பெயர் வைக்கிறேன், ஏனென்றால் கோப்பு பல கணினிகளுக்கும் பல மென்பொருள்களுக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. இவையெல்லாம் மென்பொருளின் விதிகள். என் விதி ஒன்றுண்டு. பெயர் பொருளைச் சொல்ல வேண்டும், இடத்தைச் சொல்லக் கூடாது. ‘இயல்4_பத்தி2’ என்று வைத்த பெயர், அந்தப் பத்தி ஐந்தாம் இயலுக்குப் போன மறுகணமே பொய்யாகிவிடும். ஆசிரியரும் தட்டச்சரும் அதைப் பார்த்துப் பார்த்துக் குழம்புவார்கள். ‘ஏரி_காவேரிப்பாக்கம்_மதகு’ என்று படிக்கும்படி வைத்த பெயர், அந்தச் செய்தி எங்கே போனாலும் மெய்யாகவே இருக்கும். முதலில் வகை, பிறகு ஊர், பிறகு செய்தி என்ற வரிசையை நூல் முழுவதும் மாற்றாமல் வைத்துக்கொண்டால், புக்மார்க் பெட்டியில் பெயர் வரிசையில் அடுக்கும்போது ஏரிகள் எல்லாம் ஒன்றாகவும், கல்வெட்டுகள் எல்லாம் ஒன்றாகவும், நேர்காணல்கள் எல்லாம் ஒன்றாகவும் வந்து நிற்கும். அதே பெட்டியில் இருப்பிட வரிசை என்ற இன்னொரு தேர்வும் உண்டு. நூலில் எந்த இயலில் புக்மார்க் நெருக்கமாக இருக்கிறது, எந்த இயல் வெறுமையாக இருக்கிறது என்பதை அதில் பார்க்கலாம். ஓர் இயலுக்குள் வேறெந்த இயலிலிருந்தும் யாரும் சுட்டி வரவில்லை என்றால், அந்த இயல் நூலோடு ஒட்டவில்லையோ என்று ஆய்வாளரிடம் நான் கேட்பதுண்டு. சிலர் அதைக் கேட்டு இயலையே திருத்தி எழுதியிருக்கிறார்கள்.

பெயர் வைக்கும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஏற்கெனவே உள்ள ஒரு பெயரை வேறோர் இடத்தில் மறுபடியும் கொடுத்தால் வேர்டு எந்த எச்சரிக்கையும் தராது. பழைய இடத்திலிருந்து புக்மார்க்கை எடுத்துப் புதிய இடத்தில் வைத்துவிடும். பழைய இடத்தைச் சுட்டிய குறிப்புகள் அனைத்தும் பிழை எதுவும் காட்டாமல் புதிய இடத்தைச் சுட்டத் தொடங்கும். பிழைச்செய்தி வந்தாலாவது கண்ணில் படும், இது படாது. ‘மதகு’, ‘கரை’ என்று பொதுவான சொற்களைத் தனியாகப் பெயராக வைக்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

புக்மார்க் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ‘ஆப்ஷன்ஸ்’ பெட்டியில் ‘அட்வான்ஸ்டு’ என்ற பகுதிக்குள் புக்மார்க்குகளைக் காட்டும் தேர்வு இருக்கிறது. அதை இட்டுவிட்டால் தேர்ந்த பகுதியின் இரு முனையிலும் சதுர அடைப்புக்குறிகள் சாம்பல் நிறத்தில் தெரியும். அவை அச்சில் வாரா. அதே பகுதியில் ஃபீல்டுகளுக்கு எப்போதும் நிழல் காட்டும் தேர்வும் உண்டு; அதையும் இட்டுவிட்டால் எந்த எண் தானே வந்தது, எந்த எண் கையால் எழுதியது என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். என்னிடம் வரும் எந்தக் கோப்பையும் நான் திறந்தவுடன் செய்வது இந்த இரண்டையும்தான். அடைப்புக்குறி தெரிந்தால் திருத்தும் முறையும் சரியாக அமையும். அடைப்புக்குள் எழுதுவது புக்மார்க்கோடு சேரும். முடிவுக்குறிக்கு வெளியே எழுதுவது சேராது. முழுப் பகுதியையும் தேர்ந்து அதன்மேல் புதிதாகத் தட்டச்சு செய்தால் புக்மார்க்கே அழிந்துவிடும். ஒரு தொடரை முற்றிலும் மாற்ற வேண்டுமானால், முதலெழுத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்துப் புதிய தொடரை எழுதிவிட்டு, பிறகு பழைய எழுத்துகளை நீக்குவதே பாதுகாப்பு. ஒரே ஆவணத்துக்குள் வெட்டி ஒட்டினால் புக்மார்க்கும் உடன் வரும். நகலெடுத்து ஒட்டினால் அது மூலத்திலேயே தங்கிவிடும்.

தலைப்புகளில் வரும் ஒரு கோளாறு ஆய்வாளர்களை மிகவும் திகைக்க வைப்பது. ஒரு தலைப்புக்கு மேலே புதிதாக ஒரு பத்தியைச் சேர்க்க நினைக்கிறவர், தலைப்பின் முதலெழுத்துக்கு முன்னால் சுட்டியை வைத்து என்டர் அழுத்துவார். மேலே வரும் வெற்று வரியில் தம் பத்தியை எழுதுவார். பார்ப்பதற்கு ஒரு குறையும் இராது. ஆனால் அந்தத் தலைப்பைச் சுற்றி வேர்டு மறைவாக வைத்திருந்த புக்மார்க், இப்போது அந்தப் புதிய பத்தியையும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை எஃப்9 அழுத்தும்போது, எங்கோ ஓர் இயலில் ‘ஏரிக்கரை மரபுகள் என்னும் பகுதியில் காண்க’ என்றிருந்த வாக்கியத்துக்குள் ஒரு முழுப் பத்தியே வந்து உட்கார்ந்திருக்கும். குடியாத்தத்திலிருந்து வரும் ஓர் ஆய்வாளர், “அண்ணா, நான் எழுதுனதையே வேற இடத்துல ரெண்டாவது வாட்டி போட்டிருக்கு, கம்ப்யூட்டர்ல வைரஸ் ஏதாவது இருக்குமா?” என்று பதறிக்கொண்டு வந்தார். வைரஸ் இல்லை, தலைப்பின் தொடக்கத்தில் அழுத்திய ஒரு என்டர்தான். தலைப்புக்கு மேலே ஏதாவது சேர்க்க வேண்டுமானால், அதற்கு முந்தைய பத்தியின் கடைசி எழுத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்து அங்கே என்டர் அழுத்த வேண்டும். ஏற்கெனவே குலைந்திருந்தால், புதிய பத்தியை வெட்டி மேல்பத்தியின் முடிவில் ஒட்டிவிட்டு, குறுக்குக் குறிப்பை நீக்கிப் புதிதாக இடுவதே விரைவான வழி.

இனிச் சொல்லப் போவது தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய சிக்கல். இதற்குக் கணினிக் கையேடுகளில் விடை கிடைக்காது. நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி வரும். குறிப்பாக வருவது எண் என்றால் கவலையில்லை. ‘3.2-இல்’, ‘பக்கம் 214-ஐக் காண்க’, ‘4-ஆம் இயல்’ என்று சிறுகோடிட்டு எழுதும் வழக்கம் இருப்பதால், எண் என்னவாக மாறினாலும் உருபு பிழையாகாது. படிப்பவர் ‘மூன்றில்’ என்றோ ‘நான்கில்’ என்றோ தாமே படித்துக்கொள்வார். ஆனால் தலைப்பின் சொற்களையே குறிப்பாக இழுக்கும்போது இந்த வசதி போய்விடுகிறது. ‘ஏரிப் பாசனம்’ என்ற தலைப்பை ஃபீல்டாக இட்டுவிட்டு, அதன் பின்னால் ‘இல்’ சேர்க்க முடியாது. ‘பாசனத்தில்’ என்று எழுத வேண்டும், அது ஃபீல்டால் ஆகாது. சிலர் ஃபீல்டுக்குள் புகுந்து கையால் ‘பாசனத்தில்’ என்று திருத்திவிடுகிறார்கள்; அடுத்த எஃப்9 அந்தத் திருத்தத்தை அழித்துவிடுகிறது. நாளை அந்தத் தலைப்பையே ஆசிரியர் ‘ஏரிகளும் கால்வாய்களும்’ என்று மாற்றினால், உருபு மட்டுமன்றி வாக்கியத்தின் ஒருமை பன்மையும்கூடப் பொருந்தாமல் போகும்.

எனவே, உள்ளே எந்தத் தலைப்பு வந்தாலும் நிலைகுலையாதபடி வாக்கியத்தையே அமைத்துக்கொள்ள வேண்டும். தலைப்பை ஒற்றை மேற்கோள் குறிக்குள் வைத்து, அதன் பின்னால் ‘என்னும் இயலில்’, ‘என்னும் பகுதியை’, ‘என்ற தலைப்பின்கீழ்’ என்று எழுதினால், உருபு ‘இயல்’, ‘பகுதி’ போன்ற மாறாத சொல்லின்மேல் ஏறிக்கொள்ளும். ஒற்று மிகும் இடத்தையும் இதே நோக்கில் பார்க்க வேண்டும். தலைப்புக்கு முந்தைய சொல்லின் இறுதியில் வல்லொற்று வரும்படி எழுதியிருந்தால், தலைப்பின் முதலெழுத்து மாறும்போது அந்த ஒற்று தனித்து நிற்கும். ஆகவே தலைப்புக்கு முன்னால் ஒரு காற்புள்ளியோ முக்காற்புள்ளியோ வரும்படி தொடரை அமைப்பது நல்லது. ‘காண்க: இயல் 3’ என்ற வடிவம் இதனால்தான் எனக்கு மிகவும் பிடிக்கும், சுருக்கமாகவும் இருக்கிறது, எதன்மேலும் ஒட்டாமலும் நிற்கிறது. ‘இயல்’ என்ற சொல்லையும் எண்ணோடு சேர்த்துத் தலைப்பு எண் அமைப்பிலேயே வைத்திருந்தால், குறிப்பிலும் ‘இயல் 3’ என்று முழுவதுமாக வந்துவிடும். அப்போது நாம் இன்னொரு ‘இயல்’ எழுதத் தேவையில்லை. நூலின் தொடக்கத்திலேயே இதை முடிவு செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ‘இயல் இயல் 3’ என்று அச்சாகும்.

‘மேலே’, ‘கீழே’ என்று காட்டும் தேர்வும் குறுக்குக் குறிப்புப் பெட்டியில் உண்டு. என் கணினியில் அது ஆங்கிலச் சொல்லாகவே வருவதால் தமிழ் நூலில் நான் அதைத் தொடுவதில்லை. படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் ‘படம்’, ‘அட்டவணை’ என்று புதிய பெயர்ப்பட்டிகளை ‘கேப்ஷன்’ பெட்டியிலேயே உருவாக்கிக்கொள்ளலாம். அவை குறுக்குக் குறிப்புப் பட்டியலிலும் அதே பெயரில் வந்து சேரும். தலைப்புகளின் எழுத்துருவையும் தடிப்பையும் கையால் மாற்றாமல் ஸ்டைல் வழியாகவே மாற்ற வேண்டும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கையால் மாற்றினால் அந்தத் தடித்த எழுத்து, குறிப்போடு சேர்ந்து பத்தியின் நடுவிலும் வந்து நிற்கும்.

அடிக்குறிப்புகளில் ஒரு நுட்பம் உண்டு. அடிக்குறிப்பு எண் தானே மாறும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ‘அடிக்குறிப்பு 12 காண்க’ என்று வேறோர் அடிக்குறிப்புக்குள் கையால் எழுதியிருந்தால் அது மாறாது. இதற்கும் குறுக்குக் குறிப்புப் பெட்டியில் ‘ஃபுட்நோட்’ என்ற வகையைத் தேர்ந்து இட வேண்டும். இட்டபிறகும் கவனம் வேண்டும். நூலின் உடல்பகுதியில் நின்று முழுவதையும் தேர்ந்து எஃப்9 அழுத்தினால் உடல்பகுதி மட்டுமே புதுப்பிக்கப்படும். அடிக்குறிப்புகள், பக்கத் தலைப்பு, உரைப்பெட்டிகள் ஆகியவை விடுபட்டுவிடும். ஓர் அடிக்குறிப்புக்குள் சுட்டியை வைத்து மறுபடியும் முழுவதையும் தேர்ந்து எஃப்9 அழுத்த வேண்டும். தமிழ் ஆய்வேடுகளில் சான்றுகள் பெரும்பாலும் அடிக்குறிப்பிலேயே இருப்பதால் இந்த இரண்டாவது எஃப்9 மிகவும் இன்றியமையாதது.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒவ்வோர் இயலையும் தனித்தனிக் கோப்பாகத்தான் எழுதுகிறார்கள். நெறியாளரிடம் இயல் இயலாகக் காட்ட வேண்டியிருப்பதால் அது இயல்புதான். ஆனால் குறுக்குக் குறிப்புப் பெட்டி, திறந்திருக்கும் கோப்பில் உள்ளவற்றை மட்டுமே காட்டும். அடுத்த கோப்பில் உள்ள இயலைச் சுட்ட முடியாது. இதற்குப் பல கோப்புகளை ஒன்றாக இணைத்துக் காட்டும் ‘மாஸ்டர் டாக்குமென்ட்’ என்ற வசதி இருக்கிறது. பெரிய ஆவணங்களில் அது கோப்பையே குலைத்துவிடக்கூடியது என்பதால் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. என் முறை எளியது. வேறு இயலைச் சுட்ட வேண்டிய இடத்தில் இரண்டு முறை ‘#’ குறியிட்டு, அதையடுத்துப் புக்மார்க்கின் பெயரை எழுதிவைக்கச் சொல்கிறேன். எல்லா இயல்களும் ஒரே கோப்பில் சேர்ந்தபிறகு அந்தக் குறியைத் தேடிக்கொண்டே போய், ஒவ்வோர் இடத்திலும் உண்மையான குறிப்பை இடுகிறேன். இணைக்கும்போது இரண்டு இயல்களில் ஒரே புக்மார்க் பெயர் இருந்தால் ஒன்றுதான் தங்கும். எனவே பெயர்ப் பட்டியல் ஒன்றை முதல் நாளிலிருந்தே ஒரு தாளில் வைத்திருப்பது நல்லது. பலர் சேர்ந்து எழுதும் தொகுப்பு நூல் என்றால் அந்தத் தாள் இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

பழைய கோப்புகளைப் பற்றியும் ஒரு சொல். 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றுக்கொண்டபிறகும் பல ஆண்டுகள் இங்கே பாமினி, வானவில், டாம், டாப் எழுத்துருக்களில்தான் தட்டச்சு நடந்தது. இன்றும் பத்தாண்டுக்கு முந்தைய ஆய்வேட்டை நூலாக்க வருகிறவர்கள் அந்தக் கோப்புகளையே கொண்டுவருகிறார்கள். எழுத்துரு மாற்றிகளில் பெரும்பாலானவை வெறும் எழுத்தை மட்டுமே வாங்கி வெறும் எழுத்தையே திருப்பித் தருவதால், அதற்குள் இருந்த புக்மார்க், ஃபீல்டு, அடிக்குறிப்பு எல்லாம் உதிர்ந்துவிடும். ஆகவே முதலில் ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து, பிறகே தலைப்பு ஸ்டைல்களையும் குறுக்குக் குறிப்புகளையும் இட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் வேலை முழுவதையும் இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

பக்க எண்ணைச் சுட்டுவதா, பகுதி எண்ணைச் சுட்டுவதா என்று ஆய்வாளர்கள் கேட்பார்கள். பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் ஆய்வேடு வேர்டிலேயே முடிந்துவிடும் என்பதால் பக்க எண்ணையும் சேர்த்துத் தரலாம். படிப்பவருக்கு அது வசதி. ஆனால் நூலாக வெளிவரப் போகிறது என்றால் நான் பகுதி எண்ணையே வலியுறுத்துவேன். அச்சகத்தார் நம் கோப்பை வாங்கி இன்டிசைனிலோ பேஜ்மேக்கரிலோ மறுபடியும் பக்கம் அமைப்பார்கள். புத்தக அளவு வேறு, எழுத்தளவு வேறு, பக்கங்கள் அனைத்தும் மாறும். நம் ஃபீல்டுகள் அங்கே வெறும் எழுத்தாகிவிடும். ‘பக்கம் 214’ பொய்யாகும், ‘3.2.1’ மெய்யாகவே இருக்கும். இப்படி அனுப்பும் கோப்பில் மட்டும் முழுவதையும் தேர்ந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 மூன்றையும் அழுத்தி ஃபீல்டுகளை நிலையான எழுத்தாக மாற்றிவிடலாம். அதை நகலில் செய்ய வேண்டும். மூலக் கோப்பில் ஒருபோதும் செய்யக் கூடாது.

வேர்டு வாங்க வசதியில்லாதவர்கள் இலவசமான லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் இதையெல்லாம் செய்யலாம். அங்கேயும் புக்மார்க் உண்டு, தலைப்பையும் எண்ணிட்ட பத்தியையும் சுட்டும் குறுக்குக் குறிப்பு உண்டு, எஃப்5 அழுத்தினால் தலைப்புகளும் புக்மார்க்குகளும் அடங்கிய ‘நேவிகேட்டர்’ திறக்கும். ஒரு நூலை எதில் தொடங்கினீர்களோ அதிலேயே முடியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். நடுவில் மாற்றினால் ஒவ்வொரு குறிப்பையும் சோதித்தாக வேண்டும்.

கடைசி நாளில் நான் செய்யும் சோதனைகள் மாறுவதில்லை. முதலில் உடல்பகுதி, அடிக்குறிப்பு இரண்டிலும் எஃப்9 அழுத்துகிறேன். பொருளடக்கம் ஒரு பக்கம் நீண்டுவிட்டால் பின்னால் உள்ள பக்கங்கள் நகரும் என்பதால் மறுபடியும் ஒருமுறை அழுத்துகிறேன். பிறகு தேடும் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘எரர்’ என்ற சொல்லை வியப்புக்குறியோடு இட்டுத் தேடுகிறேன். சுட்டிய இடம் அழிந்துபோன குறிப்புகள் எல்லாம் அந்தச் சொல்லோடுதான் நிற்கும். அதன்பின் ‘காண்க’ என்ற சொல்லைத் தேடி, ஒவ்வோர் இடத்திலும் எண்ணின்மேல் நிழல் விழுகிறதா என்று பார்க்கிறேன். நிழல் இல்லாத எண் யாரோ கையால் எழுதியது. நீளமான வேலை இதுதான், ஆனால் இதை விட்டுவிட என் மனம் ஒப்புவதில்லை.

பிடிஎஃப் ஆக்கும்போது ‘சேவ் ஆஸ்’ வழியாகவே போக வேண்டும். அங்கே ‘ஆப்ஷன்ஸ்’ பொத்தானை அழுத்தினால், தலைப்புகளை வைத்தோ நாம் இட்ட புக்மார்க்குகளை வைத்தோ பிடிஎஃப்பின் பக்கப்பட்டியலை உருவாக்கும் தேர்வு இருக்கிறது; ஆய்வேட்டுக்குத் தலைப்புகளைத் தேர்வது பொருத்தம். குறிப்புகளை இடும்போதே இணைப்பாக இடும் தேர்வை நீக்காமல் விட்டிருந்தால், தேர்வாளர் ‘காண்க: இயல் 3’ என்பதன்மேல் அழுத்தியவுடன் அந்த இயலுக்கே போய்விடலாம். அச்சிடும் கட்டளையில் வரும் பிடிஎஃப் அச்சுப்பொறியைத் தேர்ந்தால் இந்த இணைப்புகள் எல்லாம் அறுந்துபோய், பார்ப்பதற்கு மட்டும் அதே போன்ற கோப்பு ஒன்று கிடைக்கும். பல்கலைக்கழகத்தில் கொடுக்கும் முன் ஏதேனும் ஒரு குறிப்பை அழுத்திப் பார்த்தாலே எது எந்தக் கோப்பு என்று தெரிந்துவிடும்.